கதிர் மன்னிப்புக் கேட்ட எபிசோடு

1. யூடி தவறிய வெள்ளிக்கிழமை

ஹீரோ மன்னிப்புக் கேட்க வேண்டிய வாரத்தில் ஸ்டெல்லாவிடமிருந்து வாய்ஸ் நோட் வரவில்லை.

ஆன்லைன் தொடர்கதையில் புது எபிசோடு போடுவதை யூடி போடுவது என்போம். எங்கள் ஹீரோ கதிர், ஹீரோயின் கயல் கதைக்குச் செவ்வாயும் வெள்ளியும் யூடி. அந்த வெள்ளிக்கிழமை தவறியதும் வாசகர்கள் கமெண்டில் ஆரம்பித்துவிட்டார்கள். ‘எபி எங்க சிஸ்?’, ‘கதிர் கயலைக் கூட்டிட்டுப் போயிடணும், சொல்லிட்டேன்.’

புதிதாக ரொமான்ஸ் எழுத வந்திருக்கும் தங்கைகள் சிலர், “உங்களுக்கு எங்கிருந்து கிடைக்குது?” என்று கேட்பதால் இதை எழுதுகிறேன். முதலில் ஒன்று. எங்கள் புனைபெயருக்குப் பின்னால் இருப்பது இரண்டு பேர். நான் செலியமேட்டில் நெல்லும் கரும்பும் பயிரிடும் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள், ஐம்பதைத் தாண்டியவள். ஸ்டெல்லாவின் ஊர் கரிக்கலாம்பாக்கம். மூலக்குளத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். வேறு யாரோ எழுதிய தொடரின் கமெண்டில் எனக்கும் அவளுக்கும் சண்டை வந்தது. அப்படித்தான் பழக்கம்.

2. வேலைப் பிரிவினை

கதை என்னுடையது. மாமியார், நாத்தனார், நிலத்தகராறு, கல்யாண மண்டபம் எல்லாம் நான். காதல் அவளுடையது. ஹீரோவும் ஹீரோயினும் தனியாக இருக்கும் இடம் வந்தால் ‘இங்க நீ’ என்று மெசேஜ் போடுவேன். சாப்பாட்டு நேரத்தில் கடையின் ஸ்டாக் ரூமில் நின்று, இரண்டு பேர் வசனத்தையும் தானே பேசி அனுப்புவாள். நான் டைப் செய்வேன்.

ஒருமுறை அவளுக்குத் தொண்டை கட்டியிருந்ததால் நானே ஒரு காதல் சீன் எழுதினேன். படித்துவிட்டு, “அக்கா, பொண்ணு பாக்க வந்தவங்க மாரி பேசிக்கிறாங்களே,” என்றாள்.

“உனக்கு மட்டும் எப்பிடி வருது?”

“பில்லு கவுண்டர்லதான். புடவைய எடுத்துக்குனு ஜோடியா வருவாங்க இல்ல, புருஷங்காரன் பில்ல பாக்குறானா, பொண்டாட்டி மூஞ்ச பாக்குறானான்னு பாப்பேன். மூஞ்ச பாக்குறவன் நம்ம ஹீரோ.”

அவளுடைய கணவர் ஆரோக்கியராஜ். சில வருடங்களுக்கு முன் ஒரு சண்டையில் அவளையும் மகளையும் வீட்டைவிட்டு வெளியே அனுப்பிவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டார். அவள் தன் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். இதை ஒரு தடவை இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். அதற்குமேல் பேசியதில்லை.

எங்கள் தொடரில் கதிர் சந்தேகப்பட்டு மனைவி கயலைக் குழந்தையோடு வெளியே அனுப்புகிறான். ரொமான்ஸில் இது வழக்கமான கதைதான். பிற்பாடு ஹீரோ திருந்துவான், அழுவான், சேருவார்கள். கதிர் கயலை விரட்டும் சீனைக்கூட ஸ்டெல்லாவே பேசி அனுப்பியிருந்தாள். குரலில் எந்த மாற்றமும் இல்லை.

3. வீட்டுக்குள் நடந்த சமாதானம்

போனை எடுக்காததால் ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டெல்லாவின் அண்ணனும் மாதா கோயில் பெரியவர் ஒருவரும். அவர்கள் பேசியதிலிருந்தே இவர்தான் ஆரோக்கியராஜ் என்று தெரிந்தது.

“தப்புதான்னு எல்லார் எதிர்லயும் சொல்லிட்டேன். இன்னும் இன்னா பண்ணணும் நானு?” என்றார்.

“மனுசன் எறங்கி வந்துட்டாரு இல்ல. நீ இன்னாத்துக்கு முறுக்கிக்குனு நிக்கிற?” என்றார் அண்ணன்.

ஸ்டெல்லா எனக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். பிறகு, “அக்காவ பஸ் ஏத்திட்டு வரேன்,” என்று செருப்பை மாட்டினாள்.

வயலுக்கு நடுவே மனைக்கல் நட்டிருந்த பாதையில் நடந்தோம்.

“நீ சொன்ன கதையில கதிரும் இதயேதான் சொல்றான்க்கா. சொல்லிட்டு அழுவுறான். அவ அவன் கூட போயிடுறா. பேசிப் பாத்தேன். கயலுக்கு வாய் தொறக்க மாட்டேங்குது.”

“சேத்து வெக்கலன்னா ரீடர்ஸ் சும்மா வுடமாட்டாங்களே ஸ்டெல்லா.”

“அவங்களா அவன் வூட்ல போய் இருக்கப் போறாங்க?”

பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.

4. ஸ்டாக் ரூமிலிருந்து வந்தது

அந்தத் தொடர் நாங்கள் எழுதும் சைட் நடத்திய ஒரு போட்டியில் இருந்தது. ஜெயித்தால் புத்தகமாகப் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். சுபமாக முடிய வேண்டும் என்பது போட்டி விதி. ஆகவே சேர்க்கும் சீனை நானே எழுதிப் பார்த்தேன். கதிர் பேசியது பஞ்சாயத்தில் பேசுவதுபோல இருந்தது. அழித்துவிட்டு அவளுக்கு மெசேஜ் போட்டேன்: ‘கயல் என்ன சொல்வாளோ, அதையே சொல்லு.’

மறுநாள் மத்தியானம் வாய்ஸ் நோட் வந்தது. பின்னால் ஃபேன் சத்தம்.

“நீ வெளிய அனுப்புன அன்னிக்கி நானும் புள்ளையும் எங்க படுத்தோம்னு உனக்குத் தெரியுமா? வந்ததுலேர்ந்து அத ஒரு வார்த்த கேட்டியா? தப்பு பண்ணிட்டேங்கிற. இன்னா தப்புன்னு உனக்கே தெரியாதே.”

கதிரின் பதிலைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். ஃபேன் மட்டும் ஓடியது. அதோடு முடிந்துவிட்டது. ஒரு சொல்லும் மாற்றாமல் டைப் செய்தேன். கதிர் தலையைக் குனிந்துகொண்டு வாசலோடு திரும்பிப் போவதாக ஒரு வரி சேர்த்து, முற்றும் போட்டேன்.

‘ரொமான்ஸ்னு சொல்லி ஏமாத்திட்டீங்க’ என்று திட்டினார்கள். நிறைய பேர் எங்களைப் படிப்பதையே விட்டுவிட்டார்கள். சைட்டிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். “ஒரு எபிலாக் போட்டு சேத்து வெச்சிடுங்க மேடம், போட்டியில வெச்சுக்கலாம்.” முடியாது என்றேன். புத்தகம் வரவில்லை. கமெண்டில் திட்டிய சிலரே இன்பாக்ஸில் வேறு மாதிரி எழுதினார்கள். ஒருவர், ‘என்னையும் யாரும் கேட்கலை சிஸ்’ என்று மட்டும் அனுப்பியிருந்தார்.

5. நாங்கள் எழுதாத பதில்

அடுத்த வாரம் ஸ்டெல்லாவே கூப்பிட்டாள்.

“கயல் கேட்டத நானும் அவர கேட்டுட்டேன்க்கா. கதையில கேட்டப்புறம்தான் வாய் வந்துது.”

“அவரு இன்னா சொன்னாரு?”

“தெரியாது, சொல்லுன்னாரு.”

நாங்கள் இரண்டு பேரும் எத்தனையோ ஹீரோக்களை எழுதியிருக்கிறோம். அந்தப் பதில் எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

அன்று பொழுது சாயும்வரை அவள் சொன்னாளாம். அவர் குறுக்கே பேசவில்லையாம். அவள் அவரோடு போகவில்லை. அவர் திருப்பூருக்குத் திரும்பாமல், பக்கத்தில் வில்லியனூரில் ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மகளைப் பார்க்க வருகிறார். “சேருவீங்களா?” என்று கேட்டேன். “தெரியலக்கா. வரட்டும், பாக்கலாம்,” என்றாள்.

“அன்னிக்கி எங்கதான் படுத்த?” என்றும் கேட்டேன். கதை தேடும் புத்தி, போகாது.

“அது உனக்கு இல்லக்கா,” என்றாள். நான் மறுபடி கேட்கவில்லை.

இப்போதும் சேர்ந்துதான் எழுதுகிறோம். மன்னிப்பு சீன் வந்தால் ஹீரோவுக்கு வசனத்தைக் குறைத்துவிடுகிறோம். நீங்களும் குறைத்துப் பாருங்கள். அவள் பேசி முடிக்கும்வரை அவன் உட்கார்ந்திருக்கிறானா என்று பார்த்துவிட்டு, அப்புறம் அடுத்த வரியை எழுதுங்கள்.