நார்பர்ட் குடித்த குழாய்த் தண்ணீர்

எங்கள் ஊர் போர்ட் ஆல்மா, மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கிறது. ஊரே குடிப்பது ஏரித் தண்ணீர்தான். அதைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் நான் முப்பது வருஷம் வேலை பார்த்தேன். இன்று நான் மூச்சு விடுவது வெர்னா ஸ்டாகோவியாக் என்பவரால்தான். அவரோ எங்களிடம் வருவதற்கு முன் பள்ளிக்கூடத்தில் சமையல்காரராக இருந்தவர்.

ஓர் ஏப்ரல் மாதம் பனி உருகி, மழையும் சேர்ந்து, பண்ணைகளின் சாணமெல்லாம் ஏரிக்கு வந்துவிட்டது. அதிலிருந்த ஒரு கிருமி குழாய்த் தண்ணீரோடு வந்து, ஊரில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. மற்றவர்கள் இரண்டு வாரத்தில் எழுந்துவிட்டார்கள். வெர்னாவின் கணவர் நார்பர்ட் எழவில்லை. பஸ் ஓட்டுநரான அவருக்குத் அவருடைய தங்கை கொடுத்த சிறுநீரகத்தை முன்பே பொருத்தியிருந்தார்கள். உடம்பு அதை ஒதுக்காமல் இருக்க அவர் சாப்பிட்ட மாத்திரைகள், கிருமியோடு சண்டை போடும் தெம்பையும் எடுத்துவிட்டன. மூன்று மாதத்தில் பாதியாக இளைத்துப்போனார்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே, வெர்னா பள்ளியிலிருந்து நேராக நகரசபைக் கூட்டத்துக்கு வந்தார். சமையலறை ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. எங்கள் நிலையக் கண்காணிப்பாளர் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"குளோரின் அளவுல ஒரு குறையும் இல்லம்மா. இந்தக் கிருமிக்கு மேல ஓடு மாதிரி ஒண்ணு இருக்கு. குளோரினால அதை ஒண்ணும் பண்ண முடியாது."

"அப்ப எதால முடியும்?"

"ஓசோன் வாயுவால முடியும். நம்மகிட்ட அது இல்ல."

"இல்லன்னா வாங்குங்க."

நாலு பேர் சிரித்தார்கள். வெர்னா உட்காரவில்லை.

நார்பர்ட் ஒருவழியாகப் பிழைத்து வீடு வந்தார். அதன் பிறகு அவருக்கு ஒவ்வொரு சொட்டையும் கொதிக்க வைத்தே கொடுத்தார் வெர்னா. பல் தேய்க்கவும் அதே தண்ணீர்தான். கூட்டங்களையும் விடவில்லை. ஒருமுறை மேயரே கிண்டல் செய்தார்.

"வெர்னா, ஒரு நாற்காலியில உங்க பேரை எழுதி வெச்சிரலாமா?"

"வைங்க. எழுத்துப்பிழை இல்லாம எழுதுங்க, அது போதும்."

நான்கு வருஷம் கழித்து ஓசோன் கட்டடம் எழுந்தது. அதற்கு ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்ததும், நாற்பத்தாறு வயதில் வெர்னா விண்ணப்பம் போட்டார்.

"ஸ்கூல் சூப்பையே அடிப்பிடிக்க விடுவா. இவகிட்ட ஊர்த் தண்ணியைக் குடுக்குறீங்களே" என்று நார்பர்ட் என்னிடம் சொன்னார். சொல்லும்போது முகம் பூரித்திருந்தது.

தண்ணீர் நிலையத்தில் வேலை செய்ய எழுதவேண்டிய உரிமத் தேர்வில் முதல் தடவை கணக்கில் தோற்றார் வெர்னா. இரண்டாம் தடவை தேறினார். ஆக்சிஜனுக்குள் மின்சாரத்தைப் பாய்ச்சினால் ஓசோன் பிறக்கும். அதைத் தண்ணீருக்குள் குமிழ்குமிழாக விடுவோம். கிருமியைக் கொன்றபின் சிறிது நேரத்தில் அது மறுபடி ஆக்சிஜனாகிவிடும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் கிருமி லேசில் சாகாது, ஓசோன் அதிகம் வேண்டும். குளிர்காலம் முழுக்க வெர்னா வெப்பமானியும் கையுமாகவே திரிந்தார்.

ஓசோன் போட்ட தண்ணீரைச் சோதித்து முடித்து ஊருக்குத் திறந்துவிட்டோம். நார்பர்ட்டின் டாக்டரும் குடிக்கலாம் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் எனக்கும் சாப்பாடு. வெர்னா குழாயைத் திறந்து ஒரு கிளாஸ் பிடித்து நார்பர்ட் முன் வைத்தார். நார்பர்ட் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொதிக்க வெக்கலையா?"

"நான்தான் பார்த்து அனுப்பினேன். குடி."

ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு கிளாஸ் கேட்டார் நார்பர்ட். வெர்னா பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பி நின்று வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

என் கதை அதற்கு மூன்று வருஷம் பின்னால் நடந்தது. ஓசோன் அறையில் கசிவைக் காட்டும் கருவியைச் சரிபார்க்கக் கழற்றியிருந்தோம். அப்போது யாரும் அங்கே வேலை செய்யக்கூடாது. ஐந்து நிமிஷ வேலைதானே என்று நான் ஒரு வால்வை முடுக்கப் போனேன். இடி விழுந்தபின் வருமே, அந்த மாதிரி ஒரு வாசனை முதலில் வந்தது. பிறகு மூக்குக்குப் பழகிவிட்டது. வாசனை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். நெஞ்சு எரிந்ததைச் சளி என்று நினைத்தேன்.

வெளியிலிருந்து வந்த வெர்னா கதவைத் திறந்த கணமே கசியும் ஓசோனை முகர்ந்துவிட்டார். வாசலில் இருந்த சிவப்புப் பொத்தானை அறைந்து எந்திரத்தை நிறுத்தினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, என் காலரைப் பற்றிப் பனிக்குள் இழுத்துப் போட்டார்.

"டேல், கிருமியைக் கொல்றது உன்னை மட்டும் விட்டுருமா? அறிவு வேணாம்?"

எனக்கு இருமல் நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை தன் கோட்டை என்மேல் போர்த்திவிட்டு, கையில்லாத ஸ்வெட்டரோடு நின்று என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். நார்பர்ட் வறுத்த மீன் பொட்டலத்தோடு பார்க்க வந்தார்.

"உங்க வீட்டம்மா இல்லேன்னா நான் இல்லீங்க" என்றேன்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்.

"அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி. ஆறுறதுக்குள்ள சாப்பிடு."