குடுவை அக்கா மேல் விழுந்த பழி

ஆய்வுக்கூடத்தில் அவளைப் 'பொடி டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்கே இருக்கும் பிளாஸ்டிக் மணிகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அவை தாமாகவே வரிசைகட்டும்படி செய்வது அவள் வேலை. சூடாக்கினால் மணிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வலையாகும். ஆறவிட்டால் பிரிந்துவிடும். சூட்டை மெல்ல மெல்ல ஏற்றினால் அதே மணிகள் வலையாகாமல் தாள்போல் தட்டையாக அடுக்கிக்கொள்ளும். கட்டுவது பெரிய காரியமில்லை. கட்டியதைக் கலைத்து வேறொன்றாகக் கட்டத்தான் அவள் பல வருடம் மெனக்கெட்டிருந்தாள்.

அந்த மணிகள் ஒருநாள் பிரிய மறுத்தன. திரிந்த பால் மாதிரி குடுவையின் அடியில் திட்டுத் திட்டாக உட்கார்ந்துவிட்டன. ஆறவைத்தாள், குலுக்கினாள், ம்ஹூம். வெளியிலிருந்து ஆட்கள் பார்க்க வரவிருந்த நேரம் வேறு. வாராந்திரக் கூட்டத்தில் ஆய்வுக்கூடத் தலைவர் என்ன ஆச்சு என்று கேட்டதும் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"குடுவையில சோப்பு தங்கியிருக்கு சார். கழுவுறவங்க சரியா கழுவல."

கண்ணாடிச் சாமான்களைக் கழுவுகிற குடுவை அக்கா அப்போது தட்டும் கையுமாகக் கதவருகிலேயே நின்றிருந்தார். "நல்லா அலசித்தானேம்மா வச்சேன்?"

"அலசுன லட்சணம்தான் தெரியுதே!"

இரண்டு பேர் சிரித்தார்கள். சில நாளில் அக்காவைக் கீழ்த்தளத்துக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

அவருக்குப் பதிலாக வந்தவர் கழுவிய குடுவையிலும் மணிகள் திரிந்தன. அப்போதுதான் பொடி டாக்டரின் சந்தேகம் தன் பக்கம் திரும்பியது. மணிகளின் மேலுள்ள மின்னூட்டம்தான் அவற்றை ரொம்பவும் நெருங்கவிடாமல் தள்ளி நிறுத்துகிறது. உப்பு கூடினால் அந்தத் தள்ளல் அடங்கிவிடும். பிறகு ஒட்டியது ஒட்டியதுதான். மணிகளோடு சேர்க்கும் தன் உப்புக் கரைசலைச் சோதித்துப் பார்த்தாள். பத்து மடங்கு உப்பு! கரைத்தது அவளேதான். வேறு யாரும் அந்தப் புட்டியைத் தொடுவதுகூட இல்லை.

புதிதாகக் கரைத்து ஊற்றினாள். மணிகள் சொன்ன பேச்சைக் கேட்டன. வலையாகின, பிரிந்தன, தாளாகின, திரும்பவும் வலையாகின. பார்க்க வந்தவர்கள் கைதட்டினார்கள். அவளோ கிடங்கு வாசலைத் தாண்ட வேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போனாள். வீட்டில், "மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்ட கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றான் அவன்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றாள். "தப்பு என்னோடது சார். உப்பை நான்தான் கூடப் போட்டுட்டேன். அக்கா மேல அநியாயமா பழியைப் போட்டுட்டேன்."

"அதான் இப்ப சரியாயிடுச்சே. அடுத்தது என்ன?" என்றார் தலைவர். அன்று சிரித்தவர்களில் ஒருவர் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

அங்கிருந்து நேராகக் கிடங்குக்கு இறங்கினாள். அக்கா அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடித்ததும் ஒரு பெட்டிமேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"அப்ப நான் ஒழுங்காத்தான் கழுவியிருக்கேனா?"

"ஆமாக்கா."

"வீட்டுல டம்ளரைக்கூட ரெண்டு தடவை கழுவுறேன்மா. சோப்பு வாசனை இருக்கான்னு மோந்து மோந்து பாக்குறேன். இந்த அத்தைக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு மருமக பயந்துபோய்க் கிடக்குறா."

பொடி டாக்டர் அவர் பக்கத்தில் குந்தினாள். "மன்னிச்சிடுங்கக்கா. மேல வந்துடுங்க, நான் பேசுறேன்" என்றாள்.

"வேணாம்மா. இங்க யாரு தொந்தரவும் இல்ல, நேரத்தோட வீட்டுக்கும் போயிடலாம்." அக்கா எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "நீங்க வந்து சொன்னதே பெரிசு. ஆனா அன்னிக்குச் சிரிச்சாங்க பாருங்க, அதுதான் மனசை விட்டுப் போகமாட்டேங்குது."

அக்கா அதற்கப்புறம் மேலே வரவில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் நின்று, "சாப்டீங்களாம்மா?" என்று கேட்கத் தவறுவதில்லை. அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லப் பொடி டாக்டரால்தான் முடிவதில்லை.