கற்பூரம் அணைக்காத கை

தக்காளி இலையில் கரும்புள்ளி போடும் பாக்டீரியாவைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆராய்ச்சிக்கூடத்தில் அது வளர்ந்த தட்டுகளை ஆட்டோகிளேவில் நீராவி விட்டு வேகவைக்கும் வேலைக்கு மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். நான் ஆசையாகச் செய்வேன். காரணம் ஒரு காண்டிராக்டர்.

நான் கத்திவாக்கத்து மீனவக் குப்பத்துப் பெண். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு அனல்மின் கம்பெனிக்குச் சாம்பலை வெளியேற்றும் குழாய் பதிக்க அந்த ஆள் வந்தான். குழாய் வந்தால் சாம்பல் கசிந்து ஆற்றில் இறால் செத்துப்போகும் என்று குறுக்கே நின்றவர் என் அப்பா. அவர் நின்றவரை ஊரும் நின்றது. அவன் சண்டைக்கே வரவில்லை. வலை பின்னுகிறவர்களோடு உட்கார்ந்து டீ குடித்தான், எங்கள் பேச்சைப் பிடித்துக்கொண்டான், எல்லாரையும் மாமு என்றான். குழாயை உடைத்ததாகப் பையன்கள் சிலரைப் போலீஸ் பிடித்துப் போனபோது ஊர்க்கூட்டத்தில் எழுந்தான்.

"நம்ம பசங்கள ஸ்டேஷன்ல போட்டுக் குட்தது இவுருதான் மாமு" என்று அப்பாவைக் காட்டினான்.

பழி சொல்கிறவர் அம்மன் முன்னால் எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும். அதுதான் எங்கள் ஊர் வழக்கம். ஊர்த் தலைவர் தடுத்துவிட்டார். "நம்மள நம்பி வந்தவர போயி கற்பூரம் அணைக்கச் சொல்றதா? நல்லாவா கீது?"

அந்த மரியாதையில் அப்பாவை ஊர்விலக்கம் செய்தார்கள். ஆற்றில் வலை போட வீட்டுக்கு ஒருநாள் என்று வரும் முறை அவருக்குக் கிடையாது, கடையில் தீப்பெட்டிகூடக் கிடையாது. குழாய் பதிந்தது. அப்பா காசிமேட்டில் அடுத்தவர் படகுக்கு ஐஸ் உடைக்கப் போனார். திரும்ப ஒருநாள் ஆற்றில் வலை போடவேண்டும், அது ஒன்றுதான் அவர் கேட்டது.

வருடங்கள் கழித்துத்தான் அந்தத் தக்காளிக் கிருமியைப் பற்றிப் படித்தேன். செல்லுக்குள் வேண்டாத புரதங்களை அரைத்துப்போட ஓர் இயந்திரம் உண்டு. எதை அரைக்க வேண்டுமோ அதன்மேல் செல்லின் ஆட்கள் முத்திரை ஒட்டுவார்கள். இயந்திரம் முத்திரையைப் பார்க்குமே தவிர, ஒட்டிய கை யாருடையது என்று கேட்காது. கிருமி என்ன செய்கிறது? செல்லின் ஆளைப் போலவே வேஷம் போட்ட ஒரு புரதத்தை உள்ளே அனுப்புகிறது. அது காவல் நிற்கும் புரதத்தின் மேலேயே முத்திரையை ஒட்டிவிட, செடி தன் காவலாளியைத் தானே அரைத்துவிடுகிறது. படித்ததும் "மாமு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சில தக்காளி ரகங்களில் மட்டும் இன்னொரு காவல் புரதம் இருக்கிறது. அது முத்திரை ஒட்டும் கையையே முடக்கிவிடும். அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அந்த வருட ஆடித் திருவிழாவில், கோயிலுக்குச் சுற்றுச்சுவர் கட்டிக்கொடுத்தான் என்று அந்தக் காண்டிராக்டருக்குப் பரிவட்டம் கட்டினார்கள். நான் எரியும் கற்பூரத் தட்டோடு அவன் முன்னால் போய் நின்றேன்.

"அன்னிக்கு எங்கப்பாவ சொன்னியே, அத்த இத்த அணைச்சிட்டு சொல்லு மாமு."

சிரித்தான். "இன்னாம்மா, பழச கெளறிகினு?"

அன்று போலீஸ் பிடித்துப்போன பையன்களில் ஒருவன், "அணைச்சிட்டுப் போயேன். இன்னா இப்போ?" என்றான். காண்டிராக்டரின் கை கற்பூரத்தை நோக்கிப் பாதிவரை வந்து திரும்பிப் போனது. பரிவட்டத்தைக் கழற்றிக்கொண்டு காரில் ஏறினான். முகம் வெளுத்துப்போயிருந்ததைக் கண்குளிரப் பார்த்தேன்.

சாயங்காலம் தலைவர் வெற்றிலை பாக்கோடு எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "நாளைக்கு ஆத்துல உன் மொறைதான்பா" என்றார். "அவன் சொன்னான் சரி, வெலக்கி வெச்சது யாரு?" என்று கேட்டேன். அப்பா அதற்குள் பழைய வலையை இறக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அப்பா வலையை இழுத்தார். வந்தது சாம்பல் சேறு. ஒரே ஒரு இறால்கூட இல்லை. அவர் வலையைப் பிடித்தபடி இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டே இருந்தார். நான் அந்தச் சேற்றைக் கூடை நிறைய அள்ளிப்போய்த் தலைவர் வீட்டு வாசலில் கொட்டினேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.