உட்காரத் தெரிந்த வக்கீல்

போன செவ்வாய்க்கிழமை கல்கத்தாவில், அலிப்பூர் முன்சீப் கோர்ட்டில் ஒரு வக்கீல் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அந்தப் பிரமிப்பு இன்னும் தீரவில்லை. வக்கீல் சும்மா உட்கார்ந்ததற்கு ஒரு பத்தியா என்று கேட்பீர்கள். கேளுங்கள். பேசாமலிருக்க ஃபீஸ் வாங்கும் மனிதரை நீங்கள் எங்கே பார்த்திருக்கிறீர்கள்?

முதலில் புத்தகக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

காலேஜ் தெருவில் பழைய புத்தகம் தேடப் போனவனுக்குப் புதுப் புத்தகம் கிடைத்தது. புதுப் புத்தகம் என்றால்... பழையதன் மறுபதிப்பு. ஒன்றல்ல, இரண்டு. ஒன்று பத்திரங்களில் வரும் சட்ட பாஷையைப் பற்றியது. மற்றது சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் வித்தை. எழுதிய இங்கிலீஷ்காரர்கள் போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிறதாம். பிரதி கிடைக்காமல் வக்கீல்கள் ஒருவர் வீட்டிலிருந்து ஒருவர் இரவல் வாங்கித் திருப்பித் தராமல் இருந்தார்களாம். இப்போது யாரோ புண்ணியவான் மறுபடி அச்சுப் போட்டிருக்கிறார்.

எனக்கும் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. சணல் மூட்டைகளைப் பற்றி இங்கிலீஷில் கடிதம் எழுதிப் பிழைப்பவன் நான். ஆனாலும் எடுத்த புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை.

பத்திரத்தில் ஒரு வார்த்தை போதுமான இடத்தில் ஏன் மூன்றைக் கொட்டுகிறார்கள் என்று நானும் கேலி செய்தவன்தான். முதல் வார்த்தையில் இருந்த ஓட்டை வழியாக எப்போதோ எவனோ நுழைந்து தப்பியிருக்கிறான். அதை அடைத்த களிமண்தான் இரண்டாவது வார்த்தை. அதிலும் ஒருவன் சந்து கண்டுபிடித்தான் — மூன்றாவது வந்தது. படித்ததிலிருந்து என் வாடகைப் பத்திரத்தைக் கோயில் கோபுரத்தைப் பார்ப்பதுபோல் அண்ணாந்து பார்க்கிறேன்.

மற்றப் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் முழுக்க வக்கீல் எப்போது உட்கார வேண்டும் என்பதைப் பற்றி. சிரித்துவிட்டேன். உட்காருவதற்கு ஓர் அத்தியாயமா? எங்கள் ஆபீஸில் எல்லோரும் அதில் கரைகண்டவர்கள் ஆயிற்றே!

செவ்வாய்க்கிழமை அந்தச் சிரிப்பு அடங்கியது.

காளிகாட்டில் எங்கள் சந்திலேயே இருக்கிறார்கள் ராமசேஷனும் அவர் மனைவி காமாட்சியும். வேலை தேடி ஊரிலிருந்து வருகிற வாலிபர்களுக்குக் கல்கத்தாவில் முதல் விலாசம் அவர்கள் வீடு. வேலை கிடைக்கும்வரை காசில்லாமல் கூடத்தில் பாய், அடுக்களையில் இலை. கிடைத்ததும் வேறு ஜாகை. நம்மவர்களில் பாதிப்பேர் இங்கே காலூன்றியது இப்படித்தானே? நானும் அந்தப் பாயில் படுத்தவன்தான்.

வீட்டின் சொந்தக்காரர் கேஸ் போட்டுவிட்டார். குடியிருக்க விட்ட வீட்டில் மெஸ் நடத்துகிறார்கள், பத்திரத்துக்கு விரோதம், காலி செய்ய வேண்டும் என்று. தோற்றால் காமாட்சிக்கு வீடு போகும். கூடத்தில் படுத்திருந்த பையன்களுக்குக் கல்கத்தாவே போகும்.

நமது வக்கீல் வயதான வங்காளி; ஐயா என்பதற்கு ‘மொஷாய்’ என்பார். கோர்ட் வராந்தாவில் அவரைப் பிடித்துக்கொண்டு, குறுக்கு விசாரணையின் சூட்சுமங்களை எடுத்துரைத்தேன். முழுவதும் பொறுமையாகக் கேட்டார்.

“எல்லாம் படித்துவிட்டீர்களா, மொஷாய்? ரொம்ப நல்லது. பான் போடுவீர்களோ?” என்றார்.

முதலில் ராமசேஷன் கூண்டேறினார். இருபது வருஷமாக துரைமார் கேட்பதற்கெல்லாம் “எஸ் சார்” சொல்லிப் பழகிய நாக்கு. எதிர்க்கட்சி வக்கீலின் கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் தானாகச் சுழன்றது.

“உங்கள் வீட்டில் பலபேர் சாப்பிடுகிறார்களா?”

“எஸ் சார்.”

“ஆக, அது ஒரு மெஸ்?”

“எஸ் சார்... நோ சார்!”

முன்சீப் முதல் பதிலை எழுதி முடித்துவிட்டார்.

கீழே இறங்கி வந்தவரிடம் நம் வக்கீல் கேட்டது ஒன்றே ஒன்று. “சமைப்பது யார்? அந்த அம்மாவே சொல்லட்டும்.”

“பொம்மனாட்டியைக் கூண்டுல ஏத்தறதாவது!” என்று பதறினார் ராமசேஷன்.

“நீங்க ஏறி என்னத்தைக் கிழிச்சேள்? நகருங்கோ,” என்று காமாட்சி தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள்.

காளிகாட் கடைத்தெருவில் கற்ற வங்காளியிலேயே அவள் பேசினாள். இலக்கணம் கிடையாது, தயக்கமும் கிடையாது. நம் தமிழிலேயே எழுதுகிறேன்.

எதிர்க்கட்சி வக்கீலுக்குக் கணீரென்ற குரல். “தினம் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள்?”

“அது மெட்ராஸ் மெயிலைப் பொறுத்தது, தாதா.”

அண்ணா என்று கூப்பிடப்பட்டதும் வக்கீல் ஒரு விநாடி தடுமாறினார். கோர்ட் சிரித்தது.

“எல்லாரும் உறவா?”

“ஒருத்தன் என் ஓர்ப்படியோட தம்பி. ஒருத்தன் எங்க ஊர். இன்னொருத்தன் எந்த ஊர்னு இன்னும் கேக்கலை. கூச்சப்படறான், பாவம்.”

“அதாவது, முன்பின் தெரியாதவன்.”

“வந்து சாப்பிட்டானே, இப்போ தெரியும்.”

“குடித்தன வீட்டில் அவ்வளவு பெரிய வெண்கலப் பானை எதற்கு?”

“சின்னதா இருந்தா ரெண்டு தடவை வடிக்கணுமே.”

முன்சீப்பின் பேனா ஓடிக்கொண்டேயிருந்தது. அந்நியர்கள், தினசரிச் சாப்பாடு, அண்டா மாதிரிப் பானை... எல்லாம் அவள் வாயாலேயே வந்தாயிற்று. புத்தகப்படி எதிர்க்கட்சி வக்கீல் உட்கார வேண்டிய இடம் இதுதான். எனக்கே தெரிந்தது. ஆனால் ஜெயித்துவிட்ட மனிதருக்கு அழகாக ஜெயிக்க வேண்டுமென்றும் ஆசை வந்துவிட்டது.

“காசு வாங்காமல் எவனுக்கோ சோறு போட இந்த ஊரில் யாருக்கு அம்மா பைத்தியம்? நீங்கள் ஏன் போடுகிறீர்கள்? கோர்ட்டுக்குச் சொல்லுங்கள்.”

ஏன்! அந்த ஒரு வார்த்தையைக் கேட்பது வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவது மாதிரி. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம்.

காமாட்சி, எதிர்ப்பக்கம் நின்ற வீட்டுச் சொந்தக்காரரைப் பார்த்தாள்.

“இவரோட அம்மா சொன்னா, போடறேன்,” என்றாள். “நாங்க இந்த வீட்டுக்கு வந்தப்போ எனக்கு பாஷை தெரியாது. அடுப்புக்கூடப் பத்தவைக்கலை, எங்காத்துக்காரருக்கு ஜுரம் வந்துடுத்து. மாடியில அந்தம்மா இருந்தா. புருஷன் போனவா. மீன், வெங்காயம் எதுவும் படாத தனி அடுப்பு, பச்சரிசிச் சாதம். அதுலேர்ந்துதான் எங்க ரெண்டு பேருக்கும் போட்டா. இவர் எழுந்து ஆபீசுக்குப் போற வரைக்கும். உங்களுக்கு நான் என்னம்மா செய்வேன்னு அழுதேன். எனக்கு ஒண்ணும் வேண்டாம், உன்னை மாதிரி இன்னும் யாராவது வருவா, அவாளுக்குப் போடுன்னா. அவா வீட்டுலதானே இருக்கேன்?”

முன்சீப்பின் பேனா நின்றுவிட்டது.

எனக்குக் கை பரபரத்தது. அந்த அம்மாள் பெயர் என்ன? எந்த வருஷம்? வேறு சாட்சி உண்டா? குறுக்கு விசாரணைக்குப் பின் சொந்த வக்கீல் கேட்கும் மறு விசாரணையில் கேட்கும்படி ஒரு சீட்டில் கிறுக்கி நம் வக்கீல் பக்கம் தள்ளினேன். அவர் அதைப் பிரிக்கவே இல்லை.

“மறு விசாரணை உண்டா?” என்று முன்சீப் கேட்டார்.

வக்கீல் பாபு தலையை மட்டும் அசைத்தார். இல்லை. அவ்வளவுதான். முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அப்போது புரியவில்லை. ஐயோ, கிடைத்த சந்தர்ப்பத்தை விடுகிறாரே என்றுதான் துடித்தேன். இப்போது நினைத்தால் மயிர்க்கூச்செறிகிறது. அவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் எல்லோர் கண்ணும் அவர்மேல் திரும்பியிருக்கும். எழுந்திருக்காததால் கோர்ட்டில் கேட்பதற்கு வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. வீட்டுக்காரர் தன் தாயாரோடு தனியாக விடப்பட்டார்.

வீட்டுக்காரர் சால்வையை முறுக்கிக்கொண்டு நின்றார். பிறகு தம் வக்கீலின் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்து, காதில் ஏதோ சொன்னார். வக்கீல் மறுத்தார். இவர் மறுபடி சொன்னார், இந்தத் தடவை எங்களுக்கெல்லாம் கேட்கும்படி.

“கேஸ் வேண்டாம் ஐயா. வாபஸ்.”

வராந்தாவுக்கு வந்ததும் நம் வக்கீலை மடக்கினேன். “இந்த அம்மா இப்படிச் சொல்லுவாள் என்று உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?”

“எப்படித் தெரியும், மொஷாய்? உங்களைப் போல நானும் அங்கேதானே கேட்டேன்,” என்றார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

எதிர்க்கட்சி வக்கீலும் வெளியே வந்தார். நேரே காமாட்சியிடம் போய், “அந்தக் கடைசிக் கேள்வியை நான் கேட்காமல் இருந்திருந்தால்?” என்றார்.

“வீடு போயிருக்கும்,” என்றாள் காமாட்சி. “வேற என்ன பண்றது? பிள்ளையை எதிர்ல நிக்க வெச்சுண்டு, அவா அம்மா பேரைச் சொல்லி நானா கேஸ் ஜெயிப்பேன்? நீங்க கேட்டேள். சத்தியம் பண்ணியிருக்கேனே, சொன்னேன்.”

அந்தக் கணீர்க் குரல்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அதன்பிறகு அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை — டிராம் போய்விட்டதா என்றுகூட.