வாளிச் சத்தத்தில் திறந்த கண்

முப்பத்து மூன்று வருடம் விதிகளைப் படித்துப் படித்தே அரசாங்கச் சம்பளம் வாங்கியவள் நான். ஆனால் என் முதல் விதி விளக்கத்தை எட்டு வயதிலேயே, மலேசியாவின் கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ஒரு பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு அளித்துவிட்டேன்.

அப்பா தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி; கோயில் கமிட்டிக்கும் அவரே செயலாளர். வருடா வருடம் திருவிழாவுக்கு முன் கோயில் சுவருக்கு வெள்ளையடித்து அம்மனைப் புதிதாக வரைபவர் என் மாமா. காலையில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுப்பார், மத்தியானத்துக்கு மேல் ஓவியர். கண்ணைக் கடைசியாகத்தான் வரைவார். அப்போது உறுமி அடிப்பது வழக்கம். அந்த வருடம் நகையின் மெல்லிய கோடுகளைக்கூட உறுமி ஒத்திகை நேரம் பார்த்துத்தான் இழுத்தார். தம்பிக்குப் பக்தி முற்றிவிட்டது என்றார் அம்மா.

ஒத்திகைச் சத்தம் தோட்ட மேனேஜரின் பங்களாவை எட்டியது. திருவிழா அன்று தவிர மேளம் கூடாது என்று பெரிய துரை கடிதம் அனுப்பினார். மறுநாள் காலை பூசை. அம்மனுக்கோ இன்னும் கண் இல்லை.

"மச்சான், கண்ணு போட பிரஷ் பத்தாதா? மோளம் எதுக்குலா?" என்றார் அப்பா.

"மோளம் இல்லாம எனக்குக் கை ஓடாது மச்சான்."

"அப்ப காலால வரை. காலையில கண்ணு இல்லன்னா, அடுத்த வருசம் கமிட்டி சிரம்பான் பெயிண்டரைக் கூட்டியாந்துரும். என்னைக் கேக்காதே."

அப்பா மோட்டார் சைக்கிளில் கிளம்பியதும் நான் கோயிலுக்கு ஓடினேன். ஒரு நிமிடம் சும்மா உட்காரத் தெரியாத பிள்ளை நான். மாமா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாமா, லெட்டர்ல மோளம்னுதானே போட்டிருக்கு? வாளின்னு போடலியே?"

"கிராணி மவ இல்ல நீ!" மாமா சிரித்துவிட்டார். "அடி பாப்பா. முடியிற வரைக்கும் நிறுத்திறாதே."

அடித்தேன். அடிக்கு அடி கோடு நகர்ந்தது. நான் வேகம் கூட்டினால் இமை விறுவிறுவென்று நீண்டது. படத்தை வரைவதே நான்தான் என்று தோன்றியது. வலது கண் அச்சாக வந்தது. இடது கண்ணில் கருவிழி வட்டம் பாதி வந்திருக்கும்போது அப்பாவின் மோட்டார் சத்தம் கேட்டது. கை தானாக நின்றுவிட்டது.

பிரஷ் எகிறி, கருவிழி காதுப் பக்கம் ஓடியது. மாமா திரும்பினார். அவர் கை வெடவெடவென்று நடுங்கியது; கறுப்புச் சாயம் காலில் சொட்டியது. இத்தனை கோபத்தை அதற்குமுன் நான் யாரிடமும் பார்த்ததில்லை. வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

காலையில் கமிட்டி சுவரின் முன் கூடியது. "அம்மா நம்ம வீடுங்க பக்கம் பாக்குறா," என்றார் மாமா. ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த வருடம் சிரம்பான் பெயிண்டர் என்ற தீர்மானத்தை அப்பாவே அழகான கையெழுத்தில் எழுதினார். வாளியைப் பற்றி மாமா கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. நான் வெகுநாள் அவர் கண்ணில் படாமல் திரிந்தேன்.

போன மாதம் பென்ஷன் அலுவலகத்தில் என் கையெழுத்து ஒத்துப்போகவில்லை.

"சைன் சேம் இல்லலா, ஆன்டி. இன்னொரு தடவை போடுங்க."

மூன்று முறை போட்டேன், பேனா நடுங்கி மூன்றும் கோணல். அப்போது அடுத்த கவுன்டரில் ஒருவர் வரிசையாக விண்ணப்பப் பாரங்களுக்கு முத்திரை குத்த ஆரம்பித்தார். டொக், டொக், டொக். என் பேனா அந்தச் சத்தத்தோடு நகர்ந்தது. பெயர் கடைசி எழுத்துவரை நேராக வந்தது. அவர் நிறுத்தினார். பேனா மறுபடி நடுங்கியது.

மாமாவின் கை அன்று நடுங்கியது கோபத்தால் இல்லை.