கொசுறு கேட்டு வாங்கிய நீல மீன்

...கறிக்கு இல்லை அக்கா, கறிக்கு இல்லை! எத்தனை பேருக்குத்தான் சொல்வது? "கடல் மீன் வாங்கியிருக்கீங்களாமே, கொழம்பா, பொரியலா?" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நீங்களும் கேட்டால் நான் என்ன செய்வேன்? அது பார்ப்பதற்கு வாங்கியது. கண்ணாடித் தொட்டியில் விட்டு, முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பதற்கு.

ஆமாம், இந்த வயதில் எனக்கு அதுதான் வேலை. கடவுள் நல்லவர்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் சுகந்தி போனில் எழுதி, ஊர் படிக்கப் போடுகிறாள். நான் "வந்தாங்க, போனாங்க" என்றால் அவள் "வந்தார்கள், போனார்கள்" என்று இஸ்திரி போட்டுவிடுகிறாள். ஆட்கள் பேசுகிற இடத்தில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

சுகந்தி பருத்தித்துறைப் பெண். மாத்தளையில் ஒரு கந்தோரில் அவளுக்கு அரசாங்க வேலை. அங்கே கம்ப்யூட்டர் பழுது பார்க்கப் போன என் மகன் ரவி, ஒரே கம்ப்யூட்டரைத் திரும்பத் திரும்பப் பழுது பார்த்து... சரி, இதை அவள் எழுத மாட்டாளாம். "மாமி, உதை விடுங்கோ" என்கிறாள்; அவள் ஊரில் 'உதை' என்றால் 'அதை'. விட்டேன்.

கடற்கரையில் பிறந்தவளைக் கொண்டுவந்து மாத்தளைப் பக்கத்து எங்கள் பலாபத்வலையில் வைத்தால் எப்படி இருக்கும்? இங்கே முன்பக்கம் யாழ்ப்பாண ரோடு, பின்பக்கம் மலை. கல்யாணமாகி வந்த புதிதில், விடிந்ததும் ஜன்னலைத் திறந்து சும்மா நிற்பாள். பேச்சும் குறைவு. நான் எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்கு அடியில் வரிசையாக ஒட்டிய வீடுகளில் வாழ்ந்தவள். பக்கத்து வீட்டில் வெங்காயம் வெட்டினால் என் வீட்டில் கண் கரிக்கும், அவ்வளவு நெருக்கம். எனக்குப் பேச்சில்லாமல் இருக்க வருமா? ஒருநாள் கேட்டே விட்டேன்.

"என்னா புள்ள, தெனமும் எதைப் பாக்குற?"

"பாக்கேல்ல மாமி. சத்தம் கேக்குதோ எண்டு நிக்கிறன்."

"என்னா சத்தம்?"

"கடல் சத்தம்."

"லொறி சத்தம் பத்தலியா?" என்றேன். மரியாதைக்குச் சிரித்தாள்.

இதை ரவியிடம் சொன்னேன். கொஞ்ச நாளில் அவன் ஒரு கண்ணாடித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அகலமாய் ஒரு சூட்கேஸ் அளவு, அவ்வளவுதான். பம்பு, லைட், ஏதேதோ வயர். கடலையே வீட்டுக்குள் கொண்டுவரப் போகிறானாம்!

"உப்புதானே? அடுப்படியில போத்தல் நெறைய இருக்கு, எடுத்துக்க" என்றேன்.

"அம்மா, அது கறிக்கு. இது வேற உப்பு. தயவுசெஞ்சு அந்தப் போத்தலோட இந்தப் பக்கம் வராதீங்க."

தண்ணீர் கலந்தான், துளை துளையாக இருந்த கற்களை அடுக்கினான், பம்பைப் போட்டான். மீன் எங்கே? மீன் இப்போது விடக்கூடாதாம். தண்ணீர் பழக வேண்டுமாம். வாரக்கணக்காகக் கல்லைப் பார்த்தோம் அக்கா. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

ஒருவழியாகத் தண்ணீர் பழகியது. மூவரும் மாத்தளை டவுனில் இருக்கிற மீன் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு முஸ்லிம் அண்ணன், நானா என்றுதான் கூப்பிடுவோம்; பொறுமையான மனிதர், 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்பார். ரவி போன உடனேயே தட்டுப் போலத் தட்டையான மஞ்சள் மீன் ஒன்றைக் காட்டினான்.

"அது வேணாம் தம்பி" என்றார் நானா. "இப்ப சின்னனா ஈக்கி. வளந்தா ஒங்கட டேங்க்ல திரும்புறதுக்கும் எடமில்ல. வளந்த பொறகும் சின்னனா ஈக்கிற மீனா எடுங்க. ஒண்டு மேல நீந்தணும், ஒண்டு நடுவுல, ஒண்டு மணல்ல. அப்பதான் ஒருத்தன்ட எடத்துக்கு இன்னொருத்தன் போட்டிக்கு வரமாட்டான்."

லயத்தில் வீடு பிரித்துக் கொடுத்தவர்களுக்கு இந்த நானாவின் புத்தி இருந்திருந்தால்! குழாயடிச் சண்டை பாதி குறைந்திருக்கும்.

அவர் சொன்னபடியே எடுத்தோம். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட கோமாளி மீன் ஒரு ஜோடி. மணலில் முழங்கையை ஊன்றிப் படுத்திருப்பது போல இருக்கிற, கோபி என்கிற மஞ்சள் மீன் ஒன்று. அப்புறம், சுகந்தி தானாக விரல் நீட்டிக் காட்டிய ஒன்று... ஃபயர் ஃபிஷ் என்றார் நானா. பென்சில் போல ஒல்லி, முன்பாதி வெள்ளை, வால் பக்கம் நெருப்பு. முதுகில் ஒரு நீட்டுக் கொடி. அதை நிமிர்த்தி நிமிர்த்தி ஆட்டும்.

"ஐயோ, வடிவு! தேருக்கு முன்னால கொடி பிடிச்சுக்கொண்டு போற ஆள் மாதிரி" என்று சுகந்தி சிரித்தாள். மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு இல்லை. பல்லெல்லாம் தெரிகிற சிரிப்பு.

அத்தோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். வந்தேனா?

எண்ணிப் பார்த்தால் நாலு. நாலு என்ன கணக்கு? தாம்பூலத் தட்டு என்றாலும் மொய் என்றாலும் ஒற்றைப்படையில்தானே வைக்கிறோம்? அதுவும் போக, இவ்வளவு வாங்கிய கடையில் கொசுறு கேட்காமல் நான் என் ஆயுசில் இறங்கியதில்லை. மரக்கறிக் கடையில் கறிவேப்பிலை, துணிக் கடையில் ஒரு பை.

"நானா, இவ்வளவு எடுத்திருக்கோம். அந்தா அந்த நீலக் குட்டியைக் கொசுறா போடுங்க" என்றேன்.

விரல் நுனி அளவுதான் இருந்தது. ஆனால் நீலம் என்றால் அப்படி ஒரு நீலம்! கடையிலேயே விலை குறைந்த மீனும் அதுதான்.

நானா தலையைச் சொறிந்தார். "அம்மா, ஓசியா தாறதுல எனக்கு ஒண்டும் நட்டமில்ல. அவன் சண்டக்காரன். சின்னனா ஈக்கிறான்னு பாக்காதீங்க."

நான் பார்க்காத வியாபாரியா? கொசுறு கேட்டால் எல்லாக் கடைக்காரரும் பொருளுக்கு ஒரு குறை சொல்வார்கள். கறிவேப்பிலை வாடிவிட்டது என்பார்கள், பை கிழிசல் என்பார்கள். விடாமல் நின்றால் தருவார்கள். நான் விடாமல் நின்றேன். ரவி வெளியே போய் யாரோ தெரியாதவன் போல நின்றுகொண்டான். நானா தந்துவிட்டார்.

முதல் கொஞ்ச நாள் சொர்க்கம். சாயந்திரம் கந்தோர் விட்டு வந்ததும் சுகந்தி தேத்தண்ணியோடு என் பக்கத்தில் உட்காருவாள். கொடிக்காரன் கொடியை ஆட்டுவான். அவள் பேசத் தொடங்குவாள். அவளுடைய ஐயா கரையில் வலை இழுத்தது, அம்மா கருவாடு காயவைத்துக் காகம் விரட்டியது... ஜன்னலிடம் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் என்னிடம் சொன்னாள். நான் கடலை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அவள் சொல்லிச் சொல்லியே எனக்குக் காலில் மணல் ஒட்டியது.

அப்புறம்தான் நீலக்காரன் வேலையைக் காட்டினான். நடுக்கல் முழுவதும் தன்னுடையது என்று பிடித்துக்கொண்டான். கோமாளி ஜோடி கிட்டே வந்தால் முட்டு. மணலில் கிடக்கிற கோபிக்கும் முட்டு. கொடிக்காரனையோ விரட்டி விரட்டி மூலையில் ஏற்றினான். பாவம் அது, கொடியை மடக்கிக்கொண்டு பம்புக்குப் பின்னாலேயே நின்றது. தீனிக்கும் வரவில்லை. ஒருநாள் அங்கேயும் காணோம்.

அந்த மீன் துள்ளி வெளியே விழுகிற சாதி என்று ரவி மேலே வலை போட்டிருந்தான். ஆனாலும் வயர் போகிற பக்கம் ஒரு இடைவெளி இருந்தது. மூவரும் அலுமாரியை நகர்த்தித் தேடினோம். கட்டிலுக்கு அடியில், செருப்புக்குள், எங்கும் இல்லை. தெருப் பூனை ஒன்று வாசலில் நின்று என்னைப் பார்த்தது. அதன் வாயை நான் உற்றுப் பார்த்தேன்.

"உந்த நீலத்தை ஆர் கேட்டது மாமி?" என்றாள் சுகந்தி. கோபமாகக்கூட இல்லை, மெதுவாகத்தான் சொன்னாள். அடுத்த நாளிலிருந்து அவள் தொட்டிக்கு முன்னால் உட்காரவில்லை. தேத்தண்ணியோடு ஜன்னலுக்கே போய்விட்டாள். நான் ஆசைப்பட்டு வாங்கியது ஒரு நீலக் குட்டிதானே? அது விரட்டியது மீனையா, என் மருமகளையா?

ஞாயிற்றுக்கிழமை ரவி, "அந்த ரவுடியப் புடிச்சே ஆகணும்" என்றான். வலையைப் போட்டால் கல்லுக்குள் புகுந்துகொள்கிறான். கல்லைத் தூக்கினால்தான் ஆகும். வீட்டில் இருந்த பேசின் எல்லாம் வந்தது. தொட்டித் தண்ணீரைப் பாதி இறக்கி, பேசின்களில் நிரப்பி, ஒவ்வொரு கல்லாகத் தூக்கி அதில் வைத்தான். சுகந்தி ஒரு பக்கம் டோர்ச் அடித்தாள். நான் துணி பிழிந்து தரையைத் துடைத்தேன். அதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

நடுக்கல்லைத் தூக்கினான். தண்ணீர் ஒழுகியது. பேசினுக்கு மேலே கல்லைச் சாய்த்தபோது, ஓட்டைக்குள்ளிருந்து ஏதோ ஒன்று வழுக்கிப் பேசினுக்குள் விழுந்தது.

"குச்சியா?" என்றேன்.

குச்சி கொடியை நிமிர்த்தியது.

"மாமி! இருக்குது மாமி! உயிரோட இருக்குது!" சுகந்தி டோர்ச்சை என் மடியில் போட்டுவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். உப்புத் தண்ணீர்க் கை. என் சேலை முழுக்க ஈரம். அழுதது அவளா நானா என்று கேட்காதீர்கள். ரவி நீலக்காரனை வலையில் தூக்கிக்கொண்டு, "இங்க ஒருத்தன் புடிபட்டிருக்கான், யாராச்சும் பாருங்களேன்" என்று கத்தினான். யார் பார்த்தது?

தன்னை விரட்டியவனுடைய கல்லுக்குள்ளேயே போய் அது ஒளிந்திருந்தது, பார்த்தீர்களா? லயத்தில் நானும் ஒரு சண்டைக்காரியின் வீட்டுக்கு அடுத்த வீட்டில்தான் பிள்ளை பெற்றேன். இடமில்லாதவர்கள் எங்கேதான் போவது?

மறுநாள் நீலக்காரனைப் பொலித்தீன் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நானே போனேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "இது கறிக்குப் போதாதே ஆச்சி" என்று சிங்களத்தில் சிரித்தார். அவருக்கும்!

கடைக்கார நானாவிடம் பையை நீட்டினேன். "நீங்க சொன்னது சரிதான். நான்தான் யாவாரப் பேச்சுன்னு நெனச்சிட்டேன்."

ஏசுவார் என்றுதான் போனேன். அவர் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "நல்லாத்தான் வளத்தீக்கிறீங்க. இவன் தனியா ஈந்தா தங்கம், கூட்டத்துல சரிவரமாட்டான். அம்மா, கொசுறத் திருப்பிக் கொண்டுவந்த மொத ஆள் நீங்கதான்" என்று சிரித்தார். சிரித்ததோடு விடாமல், கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு நத்தையைப் பிடுங்கி இன்னொரு பையில் போட்டார். "இது என்ட கொசுறு. பாசி திங்கும். யாரோடயும் சண்டைக்குப் போகாது."

நான் கேட்கவே இல்லை அக்கா! கேட்காமலே வந்தது. ஒற்றைப்படையும் ஆகிவிட்டது. அந்த மனிதர் கடை நிறைய வியாபாரம் நடக்கட்டும்.

இப்போது கொடிக்காரன் நடுவில் நின்று கொடியை ஆட்டுகிறான். சுகந்தியும் நாற்காலிக்குத் திரும்பிவிட்டாள். அவளை என் வீட்டுக்குக் கொண்டுவந்த கம்ப்யூட்டருக்கும் ஒரு கும்பிடு... இதை மட்டும் அழிக்காதே பிள்ளை.

தொட்டியில் எனக்கும் ஒரு வேலை தந்திருக்கிறாள். தண்ணீர் வற்றும், உப்பு வற்றாதாம். அதனால் வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். எவ்வளவு என்று எழுதி ஒட்டினால் நான் எங்கே படிப்பது? தன் நகப்பூச்சை எடுத்துக் கண்ணாடியில் சிவப்பாக ஒரு கோடு இழுத்துவிட்டு, "மாமி, இதைப் பாருங்கோ, காணும்" என்றாள், அதுவே போதும் என்கிற அர்த்தத்தில்.

நான் வாசிக்கிற ஒரே எழுத்து அதுதான். அட, தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதே... போதும் சுகந்தி, போனை வை, அந்த ஜக்கை எடு!