இடது பக்கம் சாய்ந்து நின்ற ஜீப்

அண்ணன் இறந்த பிறகு அவருடைய ஜீப் இடது பக்கமாகச் சாய்ந்து நிற்க ஆரம்பித்தது. காரியம் முடிந்து பந்தல் பிரித்த அன்றுதான் அதைக் கவனித்தேன். வேப்பமரத்தடியில் நின்ற வண்டியின் இடது தோள் இறங்கியிருந்தது. டயரில் காற்று குறைந்திருக்கும் என்று குத்துக்காலிட்டுப் பார்த்தேன். காற்று சரியாக இருந்தது. உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்தால் எப்படி அமுங்குமோ அப்படி அமுங்கியிருந்தது. அண்ணன் கடைசியாக உட்கார்ந்தது அந்த இடது சீட்டில்தான்.

அண்ணன் கத்தாரில் பெரிய வண்டிகளுக்கு மெக்கானிக்காக இருந்தவர். ஊருக்குத் திரும்பியதும் பழைய ஜீப் ஒன்றை வாங்கினார். ஸ்பிரிங் எல்லாம் மாற்றி, அடியில் ஒரு ஆடு நிமிர்ந்து நடக்கலாம் என்கிற அளவுக்கு உயர்த்தினார். மழைக்காலத்தில் எங்கள் முந்திரித் தோப்புக்குப் போகிற செம்மண் பாதையில் வேறு எந்த வண்டியும் போகாது. அண்ணன் வண்டி போகும். டீக்கடையில் கேலி செய்வார்கள்.

"என்ன மாப்ள, ஏறுறதுக்கு ஏணியும் குடுப்பியா?"

"ஒன்னய நானே தூக்கி ஒக்கார வச்சிடுறேன் மாமா. எறங்குறது மட்டும் ஒன் பாடு."

அவர் அப்படிப் பேசுவார். எனக்கு வாய் வராது. டீயைக் குடித்துவிட்டுக் கீழே பார்த்தபடியே கிளாஸை வைத்துவிட்டு வருகிறவன் நான்.

அண்ணன் இறந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து அவர் வண்டிக்கு அடியில் படுத்து ஏதோ செய்துகொண்டிருந்தார். நான் அடுத்த வீடான என் வீட்டு வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தேன். ஸ்பானர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. வெளியே வந்தவர் குளித்துவிட்டு வந்தவர் போல வேர்வையில் நனைந்திருந்தார். செருப்புக்கூடப் போடாமல் இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அண்ணி ஓடிவந்து அவர் கையில் இருந்த எதையோ வாங்கிக்கொண்டு தண்ணீர் கொடுத்தார்.

"நீ ஓட்டு" என்றார் என்னிடம். தன் வண்டியை யாரிடமும் கொடுக்காதவர்.

தைல மரக் காடு வந்தபோது அவர் தலை கண்ணாடியில் சாய்ந்தது. அங்கிருந்து புதுக்கோட்டை ஆஸ்பத்திரி வரை நான் பேசிக்கொண்டே போனேன். என் வாழ்நாளில் அவரிடம் அவ்வளவு பேசியதில்லை.

காரியத்துக்குப் பிறகு தோப்பு வேலைக்கு நான்தான் அந்த ஜீப்பை எடுத்துப் போனேன். போகும்போது ஒரு சத்தம் வந்தது. பாதையில் சின்னப் பள்ளம் வந்தாலும் இடது பக்கம் கால் வைக்கிற இடத்துக்குக் கீழே 'டொக்' என்று ஒரு தட்டு. சோற்றுப் பையை எனக்குப் பக்கத்தில் வைத்தால் கொஞ்ச தூரத்தில் அது இடது சீட்டுக்கு நகர்ந்து, ஒருவர் மடியில் இருப்பது போல அங்கேயே இருக்கும். தண்ணீர் பாட்டில் உருண்டாலும் அங்கேதான் போகும். நான் வலது கதவோடு ஒட்டி உட்கார்ந்து ஓட்டினேன். தைல மரங்கள் வரும்போது இடது பக்கம் திரும்பவே மாட்டேன். என் மனைவி ஒரு தடவை ஏறினாள். பின் சீட்டில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு பஸ்ஸில்தான் போனாள்.

ஒரு நாள் உச்சி வெயிலில் அண்ணி எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, ஒங்க அண்ணன் இன்னும் எறங்கல. பாத்தீங்களா?"

"டயர்ல காத்து..." என்று இழுத்தேன்.

"காத்தெல்லாம் இல்ல. ஒக்காந்திருக்காரு."

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டு வேளையில் அண்ணி ஜீப்பின் பின் சீட்டில் போய் உட்கார ஆரம்பித்தார். அண்ணனின் செருப்பு வேப்பமரத்தடியில் அவர் கழற்றிப்போட்ட இடத்திலேயே கிடந்தது. அதைச் சுற்றித்தான் பெருக்குவார். திருச்சியில் கட்டிக்கொடுத்த மகள் எனக்குப் போன் செய்து அழுதாள்.

"சித்தப்பா, அம்மாவ எப்படியாச்சும் இங்க அனுப்பி விடுங்க. அப்பா வண்டியில இருக்காரு, தனியா விட்டுட்டு எப்படி வாரதுங்குது. சோறு திங்கிதா, இல்லையா அது?"

திங்கவில்லை. அண்ணியின் கை வளையல் முழங்கை வரை ஏறி இறங்குவதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இப்படியே விட்டால் அவரும் அந்த வண்டியிலேயே போய்ச் சேர்ந்துவிடுவார் என்று பயந்தேன். ஆனால் அவரிடம் என்ன சொல்வது? எனக்கே அந்த இடது சீட்டைப் பார்க்கத் தைரியம் இல்லை.

வண்டிச் சாவி வாங்க ஒரு மதியம் போனேன். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. காக்கைகூடக் கத்தவில்லை. ஜீப்புக்குள் அண்ணி முன் சீட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். மோட்டார் ரிப்பேர், மகள் போன் செய்தது, பக்கத்துத் தோப்பில் வேலி நகர்ந்தது. நடுநடுவே நிறுத்தினார். பதில் கேட்கிறவர் எவ்வளவு நேரம் நிறுத்துவாரோ அவ்வளவு நேரம். பிறகு சிரித்தார். அப்போது, நின்றுகொண்டிருந்த வண்டியின் இடது பக்கத்தில் 'டொக்' என்று கேட்டது.

"சரி சரி, கோவப்படாதீங்க" என்றார் அண்ணி.

சாவி வாங்காமலே திரும்பிவிட்டேன்.

அந்த வாரம் ஆலங்குடியில் அண்ணனுக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன்.

"என்னண்ணே, வண்டி ஒருக்களிச்சுப் படுத்திருக்கு?" என்று சிரித்துக்கொண்டே அடியில் நுழைந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் மட்டும் வந்தது. "யாருண்ணே இந்த அரைகொற வேல பாத்தது?"

என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். முன் சக்கரங்களுக்கு நடுவே குறுக்காக ஒரு கனமான கம்பி. வளைவில் வண்டி ஒரே பக்கமாகச் சாயாமல் பிடித்துக்கொள்வது அதுதானாம். அதன் இரண்டு முனையையும் அச்சோடு சேர்ப்பது பக்கத்துக்கு ஒரு லிங்க் ராடு. வலது பக்கத்து ராடு பளபளவென்று நீளமாக இருந்தது. இடது பக்கத்தில் துருப்பிடித்த குட்டை ராடு.

"வண்டிய ஒசத்துனா இதையும் நீளமாப் போடணும்ணே. ரெண்டு பக்கமும். ஒரு பக்கம் மட்டும் போட்டா அது அங்கிட்டுத் தூக்கும், இங்கிட்டு இழுக்கும். கம்பி முறுக்கிக்கிட்டே நிக்கிது பாருங்க."

"நிக்கும்போதும் சத்தம் வருமா?"

"வரும். உள்ள ஆள் அசஞ்சா வரும், வெயில்ல சூடேறுனாலும் வரும். இதுக்கா பேயறஞ்ச மாதிரி மூஞ்சிய வச்சிருந்தீங்க?"

"அண்ணன் பாத்த வேல" என்றேன். "அன்னைக்குக் காலையில."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கையைத் துணியில் துடைத்தார். "அப்ப இன்னொண்ணு வீட்லதான் கெடக்கும். இது ஜோடியாத்தான் வரும். தேடிப் பாருங்க, நானே வந்து மாட்டித் தாரேன்."

திரும்பி வரும்போது பயம் தெளிந்திருக்க வேண்டும். தெளியவில்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரியும். அதுதான் தொந்தரவாக இருந்தது. ஒவ்வொரு தட்டும் அவர் கை வைத்த இடத்திலிருந்து வந்தது. வலது பக்கத்தை முறுக்கி முடித்துவிட்டு இடது பக்கத்துக்கு நகர்ந்த கை.

அண்ணியிடம் சொன்னேன். தரையைப் பார்த்துத்தான் சொன்னேன். வார்த்தை முன்னும் பின்னுமாக வந்தது. அண்ணி முழுவதையும் கேட்டுவிட்டு உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. அண்ணனின் துண்டில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். நீளமான புது லிங்க் ராடு. அதன் மேல் கிரீஸில் அண்ணனின் விரல் தடங்கள் அப்படியே இருந்தன.

"என்ன சாமான்னு தெரியாது தம்பி. கடைசியா அவரு கையில இருந்தது. அதான் வச்சிருந்தேன்." வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "இத மாட்டுனா வண்டி சாயாதா?"

"சாயாது அண்ணி."

"அப்ப எறங்கிருவாரா?"

நான் துண்டின் முனையை மடித்து ராட்டை மூடினேன். அண்ணி அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இரண்டு நாள் வண்டிப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் என் வாசலில் வந்து நின்று, "அந்த மெக்கானிக்க வரச் சொல்லுங்க. அவரு படுத்திருந்த எடத்துலயே மாட்டட்டும்" என்றார்.

மெக்கானிக் மதியத்தில்தான் வந்தார். அண்ணி துண்டோடு ராட்டைக் கொடுத்தார்.

"தொடைக்காம மாட்டுங்க தம்பி."

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

பழைய ராட்டின் போல்ட்டு இறுகிக் கிடந்தது. சுத்தியலால் தட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் போல்ட்டு தெறித்து மண்ணில் விழுந்தது. வண்டி ஒரு முறை அதிர்ந்தது. பிறகு அதன் இடது பக்கம் மெல்ல எழுந்தது. கனத்த ஆள் ஒருவர் கதவைப் பிடித்து, ஒரு காலைக் கீழே ஊன்றி, மறு காலையும் எடுத்து இறங்கும்போது எழுமே, அப்படி. மெக்கானிக்கும் அடியிலிருந்து உருண்டு வெளியே வந்து கதவைப் பார்த்தார். அது சாத்தித்தான் இருந்தது.

அண்ணி ஜீப்பைப் பார்க்கவில்லை. அவர் பார்வை கதவிலிருந்து வாசலுக்குப் போனது. வாசலிலிருந்து சந்துக்கு, சந்திலிருந்து ரோட்டுக்கு. நடக்கிற ஆளைப் பின்தொடர்கிற வேகத்தில் போனது. நானும் பார்த்தேன். வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை.

"செருப்புப் போடாமப் போறாரு" என்றார் அண்ணி.

வேப்பமரத்தடியிலிருந்து செருப்பை எடுத்தார். மண்ணைத் தட்டினார். சந்து முனை வரை நடந்து போய், முன்பக்கம் ரோட்டைப் பார்க்கிற மாதிரி ஜோடியாக வைத்துவிட்டுத் திரும்பினார்.

"ம், மாட்டுங்க" என்றார் மெக்கானிக்கிடம்.

புது ராடு தட்டாமலே போய் உட்கார்ந்தது.

அன்று இரவு அண்ணி என் மனைவியிடம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த வாரம் திருச்சிக்குக் கிளம்பினார். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வரை நான்தான் கொண்டுபோய் விட்டேன். இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வண்டி அவருக்காகக் கொஞ்சம் அமுங்கியது. அவர் இறங்கியதும் நிமிர்ந்தது.

இப்போது சத்தம் இல்லை. சோற்றுப் பை வைத்த இடத்தில் இருக்கிறது. மழைக்காலம் முடிந்தால் வண்டிக்கு அடியில் செம்மண் அப்பிக் கிடக்கும். நானே தண்ணீர் அடித்துக் கழுவுகிறேன். இடது பக்கத்து அந்த ராட்டில் மட்டும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்கிறேன். அதில் மண் ஒட்டுவதே இல்லை. ஏன் என்று மெக்கானிக்கிடம் நான் கேட்கவில்லை.